கொங்கு நாட்டுப் பந்தயக் கார்களும் பிரேக் காலிப்பரும்

டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்பு வட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பாகத்துக்குக் காலிப்பர் என்று பெயர். கொல்லன் பட்டறைக் கிடுக்கி செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. கிடுக்கியைக் கை அழுத்துகிறது. காலிப்பரை பிரேக் ஆயிலின் அழுத்தம் இயக்குகிறது. கோயம்புத்தூரில் வார நாள்களில் அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கும் ஒரே காரை எடுத்துச் செல்வோர் இன்று இருக்கிறார்கள். சாலைக்கு ஒரு குணமும் தடத்துக்கு வேறொரு குணமும் காலிப்பருக்கு வேண்டும். இரண்டையும் ஒரே பாகத்திடம் கேட்கும்போது அதைப் பராமரிக்கும் முறை மாற வேண்டியிருக்கிறது. அந்த முறை கொங்கு நாட்டுக்கு எந்த வழியாக வந்தது என்பதையே இக்கட்டுரை சொல்கிறது.

மலைப்பாதையும் டிரம் பிரேக்கும்

கொங்கு நாட்டின் மோட்டார் வரலாறு பேருந்தில் தொடங்குகிறது. ஜி. டி. நாயுடு 1920-இல் ஒற்றைப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அதிலிருந்து வளர்ந்ததே யு.எம்.எஸ். நிறுவனம். பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் எழுந்தது. பின்னாளில் நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரிகளின் ஊர்களாயின. சமவெளியில் நேராக ஓடும் வண்டிக்கு இன்ஜின்தான் பெரிய கவலை. இங்கோ நீலகிரி, ஆனைமலை, கொல்லிமலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கிறது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து என்பதை இந்தப் பகுதி ஓட்டுநர்கள் பாடமாகப் படிக்காமலே அறிந்திருந்தார்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற விதி அப்படிப் பிறந்தது.

அன்றைய வண்டிகளில் இருந்தவை டிரம் பிரேக்குகள். சக்கரத்தோடு சுழலும் இரும்புக் குடத்தின் உட்புறத்தை, லைனிங் ஒட்டிய இரண்டு ஷூக்கள் விரிந்து அழுத்தும். ஓரிரு முறை அழுத்தினால் நன்றாக நிற்கும். தொடர்ந்து அழுத்தினால் குடம் சூடேறி விரியும். விரிந்த குடம் ஷூவிலிருந்து விலகிப்போவதால் பெடல் இன்னும் கீழே போகும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். மலையிறங்கும் பேருந்தில் லைனிங் கருகும் வாசனையை முகராத பயணி அந்தக் காலத்தில் அரிது.

இந்தச் சூடு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடி நிற்கும்போது ஏறக்குறைய 139 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. வேகம் இரட்டித்து 120 ஆனால் வெப்பம் நான்கு மடங்காகி 555 கிலோஜூலைத் தொடுகிறது. அறை வெப்பத்தில் உள்ள இரண்டு லிட்டர் தண்ணீரை ஏறக்குறையக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் இது. சாலையில் இப்படி ஒருமுறை நடந்தால், அடுத்த முறைக்குள் பிரேக் ஆறிவிடும். பந்தயத் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை நடக்கிறது. ஆற நேரமே இல்லை.

டிஸ்க் பிரேக் வந்த கதை

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை பெற்றார். அன்றைய உலோகங்களும் சாலைத் தூசியும் அதற்கு ஒத்துழைக்கவில்லை. பிரேக்கை ஆயில் அழுத்தத்தால் இயக்கும் முறையும் தேறி வர வேண்டியிருந்தது. 1921-இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் அது வந்தது. இரண்டும் சேர்ந்து உலகின் கண்ணில் பட்டது 1953-இல், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில். டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார் அங்கே வென்றது. இரவும் பகலும் ஓடிய பின்னும் அதன் ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழைய முடிந்தது. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். கார் டிஸ்க் பிரேக்கைக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது.

டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் காற்றில் ஆறுகிறது. சூட்டில் விரியும்போது அது பேடிலிருந்து விலகாமல் பேடை நோக்கித் தடிக்கிறது. இந்த இரண்டு காரணங்களே போதும். ஆனால் காலிப்பருக்குள் ஒளிந்திருக்கும் மூன்றாவது காரணம்தான் பராமரிப்பில் மிக முக்கியமானது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுமுகம் கொண்ட ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பெடலை அழுத்தும்போது பிஸ்டன் நகர, சீல் அதோடு சிறிது முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் சீல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். டிரம் பிரேக்கில் இருப்பது போன்ற திரும்பும் ஸ்பிரிங் இங்கே தேவையில்லை. பேட் தேயத் தேய இடைவெளியும் தானாகவே சரியாகிக்கொள்ளும். ஒரு சிறிய ரப்பர் வளையம் ஒரே நேரத்தில் ஆயிலையும் காக்கிறது, ஸ்பிரிங் வேலையும் பார்க்கிறது. அந்த வளையம் சூட்டில் கெட்டிப்பட்டுவிட்டால் பிஸ்டன் பின்வாங்காது. பேட் உரசிக்கொண்டே இருக்கும். உரசலால் சூடு கூடும். சூட்டால் வளையம் மேலும் கெடும்.

தமிழ்நாட்டில் பிரேக் உற்பத்தி பெரிய அளவில் வேரூன்றிய ஆண்டு 1962. சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. அதே ஆண்டில் காற்று பிரேக்குகளுக்காக சுந்தரம் கிளேட்டன் வந்தது. உற்பத்தி வந்தும், சாலையில் ஓடிய அம்பாசடரும் பத்மினியும் நீண்ட காலம் நான்கு சக்கரத்திலும் டிரம்மோடுதான் இருந்தன. இருசக்கர வண்டியில் இதைவிட விசித்திரமான கதை ஒன்று உண்டு. யமஹாவின் ஆர்.டி. 350 வெளிநாட்டில் முன்சக்கர டிஸ்க்கோடு விற்கப்பட்டது. 1980-களில் அதை ராஜ்தூத் 350 என்று இந்தியாவில் செய்தபோது டிஸ்க்கை எடுத்துவிட்டு டிரம்மைப் பூட்டினார்கள். நிறுத்தும் திறனில் மிச்சம் பிடித்தார்கள். இன்றும் பழைய வண்டிப் பிரியர்கள் அதன் இன்ஜினைப் புகழ்ந்து முடித்ததும் பிரேக்கைத் திட்டத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

மாருதி வந்த பிறகு நிலைமை மாறியது. 1983 டிசம்பரில் முதல் கார் விற்பனைக்கு வந்தது. 1986-க்குப் பிறகு வந்த மாருதி 800-இன் முன்சக்கரங்களில் டிஸ்க் இருந்தது. ஒரே பிஸ்டன் கொண்ட நகரும் வகைக் காலிப்பர் அது. மிக எளிமையானது, ஆனாலும் ஊர்தோறும் மெக்கானிக்குகள் காலிப்பரைக் கழற்றிப் பழகியது அதில்தான். கொங்கு நாடு இதில் வெறும் பயனாளியாக நின்றுவிடவில்லை. நாச்சிமுத்துக் கவுண்டரின் குடும்பத்திலிருந்து வளர்ந்த சக்தி குழுமம், பெருந்துறை அருகே வார்ப்படத் தொழிற்சாலை அமைத்துக் கார்களுக்கு ஸ்டியரிங் நக்கிள் முதலிய பாதுகாப்புப் பாகங்களை வார்த்தது. காலிப்பர் போல்ட் போட்டு நிற்பது அந்த நக்கிளின் மேல்தான். மலைப்பாதையில் பேருந்து ஓட்டிய வீடு அரை நூற்றாண்டில் காரின் முன்சக்கரத்துக்கே வந்து சேர்ந்தது.

கரிவரதன்

தென்னிந்தியாவில் கார் பந்தயத்தின் தொடக்ககாலக் களம் சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. விமான ஓடுதளத்தில் பந்தயம் என்றால் நீளமான நேர்பாதை, அதன் முடிவில் இறுக்கமான திருப்பம். பிரேக்குக்கு இதைவிடக் கொடுமையான தேர்வு வேறில்லை. பெருஞ்செல்வர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்து ஓட்டினார்கள். மற்றவர்கள் தெருவில் ஓடும் காரைத் தாங்களே மாற்றியமைத்து ஓட்டினார்கள்.

அந்த இரண்டு வகையினருக்கும் இடையே கிடந்த பள்ளத்தை நிரப்பியவர் கோவை லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன். 1954-இல் பிறந்த அவர் தானே பந்தய வீரர். கார்களை வடிவமைப்பதிலும் கைதேர்ந்தவர். 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் இன்ஜினைப் பின்புறம் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அது பெயர் பெற்றது. பந்தயக் காரின் விலையைக் குறைத்தது அவருடைய சாதனை என்றே பொதுவாக எழுதுகிறார்கள். அது உண்மைதான். என் கணிப்பில் அதைவிடப் பெரியது, உள்ளூர்ப் பட்டறையில் கழற்றிப் பூட்டக்கூடிய பந்தயக் காரை அவர் தந்தது. இறக்குமதிக் காரில் ஒரு சீல் கிழிந்தால் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருக்க வேண்டும். இந்திய வண்டிப் பாகங்களை நம்பிய காருக்குத் தேவையானதைக் கடைவீதியில் வாங்கிவிடலாம். பழுதுபார்க்க முடிகிற காரில்தான் மெக்கானிக் பழக முடியும். அப்படிப் பழகியவர்களின் தலைமுறை ஒன்று கோவையில் உருவானது. 1995-இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். 2003-இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கிக் கரி மோட்டார் ஸ்பீட்வே ஆயிற்று.

அந்தச் சூழலிலிருந்து உலக அரங்குக்குப் போனவர் நரேன் கார்த்திகேயன். அவருடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். ஃபார்முலா மாருதியில் ஓடிப் பழகிய நரேன், 2005-இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா ஒன்றுக்குள் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். அந்தத் தளத்தில் பிரேக் முற்றிலும் வேறு பொருள். டிஸ்க்கும் பேடும் கார்பனால் ஆனவை. 1970-களில் பிராபம் அணி முயன்று பார்த்த இந்த உத்தி, குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. சில நூறு டிகிரி செல்சியஸ் ஏறிய பிறகே வேலை செய்யும். சாலையில் ஓடும் காருக்கு இது ஆகாது. வீட்டிலிருந்து புறப்பட்டு முதல் சிக்னலில் நிற்க முடியாத பிரேக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாலைக் காலிப்பர், தடக் காலிப்பர்

கரி தடம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளம் கொண்டது. குறுகிய தடம் என்பதால் வளைவுகள் அடுத்தடுத்து வருகின்றன. பிரேக் ஆறுவதற்கு நீண்ட நேர்பாதை இல்லை. எல்.ஜி.பி. ஃபார்முலா 4 போன்ற தேசியப் போட்டிகள் இங்கே நடக்கின்றன. சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் பயிற்சி நாள்களும் உண்டு. அப்படி வருவோர் இத்தாலியின் பிரெம்போ, இங்கிலாந்தின் ஏ.பி. ரேசிங் முதலியவற்றின் நான்கு அல்லது ஆறு பிஸ்டன் காலிப்பர்களைப் புதிதாகவோ பழையதாகவோ வாங்கிப் பூட்டுகிறார்கள். டிஸ்க்கின் இரு பக்கமும் பிஸ்டன் உள்ள, நகராத வகை இவை. பெரும்பாலும் அலுமினிய உடல். எடை குறைவு, அழுத்தம் சீராகப் பரவும், பேடை மாற்றுவதும் எளிது.

ஆனால் அசல் பந்தயக் காலிப்பர் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றித் தூசி உறை இருக்காது. தடத்தின் சூட்டில் ரப்பர் உறை கருகிவிடும் என்பதால் செய்பவர்களே அதை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் காலிப்பரைத் துடைக்க ஆள் இருக்கும் அணிக்கு இது குறையே இல்லை. பல்லடம் சாலையிலும் பொள்ளாச்சிச் சாலையிலும் தினம் ஓடும் காருக்கு இது பெருங்குறை. செம்மண் தூசியும் மழைச்சேறும் பேடின் இரும்புத் துகளும் சேர்ந்து பிஸ்டனின் வெளிப்பகுதியில் படியும். பேட் மாற்றும்போது அந்த அழுக்கோடே பிஸ்டனை உள்ளே தள்ளினால் சீலின் உதட்டை அது அறுத்துவிடும். ஆகவே பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் சுற்றிலும் துடைப்பது கட்டாயம். உறையுள்ள காலிப்பரைத் தடத்துக்குக் கொண்டுபோகிறவர், திரும்பியதும் உறை வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழிந்த உறை உறையே இல்லாததைவிட மோசம். தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

துடைப்பது என்றதும் பட்டறையின் பழைய பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. இன்ஜின் பாகமோ பேரிங்கோ எதுவானாலும் டீசலிலோ பெட்ரோலிலோ முக்கிக் கழுவுவது நம் மெக்கானிக்குகளின் இயல்பு. பிரேக் சீல்களின் ரப்பர் கிளைக்கால் வகை பிரேக் ஆயிலுக்காகச் செய்யப்பட்டது. பெட்ரோலியப் பொருள் பட்டால் அது ஊதிப் பெருத்துவிடும். சாதாரண கிரீசும் அப்படியே. கழுவிய அன்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சில நாள் கழித்துப் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்போது காரணத்தை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். புது பிரேக் ஆயிலாலோ பிரேக் கிளீனராலோ கழுவி, ரப்பருக்கென்றே விற்கும் சிவப்புக் கிரீசைத் தடவ வேண்டும்.

அதற்கடுத்தது ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்பு கொண்டது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்த நிலையில் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230-உம் 155-உம். டாட் 5.1-க்கு 260-உம் 180-உம். பந்தயத்துக்கென வரும் ஆயில்கள் 300-ஐத் தாண்டும். ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாதது, டாட் 5.1-ஓடு பெயர் ஒற்றுமை மட்டுமே உண்டு. ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. மழைக்காலம் முழுதும் சாலையில் ஓடி ஈரம் குடித்த ஆயிலோடு நேரே தடத்துக்குப் போகிற கார்தான் இதில் அதிகம் மாட்டுகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற சாலைக் கணக்கு இங்கே செல்லாது. தடத்துக்குப் போவதற்கு முன் புதிய ஆயில், வந்த பின் ஒருமுறை காற்று எடுத்தல் என்பதே பாதுகாப்பான வழக்கம்.

காற்று எடுக்கும் திருகு காலிப்பரின் மேல்முனையில் இருக்க வேண்டும், ஏனென்றால் காற்றுக்குமிழ் மேலேதான் தங்கும். இடது வலது மாற்றிப் பூட்டினால் திருகு கீழே வந்துவிடும். எத்தனை பாட்டில் ஆயிலை ஊற்றினாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், பழைய காலிப்பரை வாங்கிப் பூட்டுவோரிடம் இது நடக்கிற தவறுதான். நகராத வகைக் காலிப்பரில் உள்பக்கம், வெளிப்பக்கம் என இரண்டு திருகுகள் இருக்கலாம். இரண்டிலும் எடுக்க வேண்டும். இரண்டு துண்டாக வரும் காலிப்பரை நடுவில் பிரிக்காமல் இருப்பதே நல்லது. உள்ளே ஆயில் வழிக்குச் சிறு வளையங்கள் இருக்கின்றன, போல்ட்டுகளுக்குக் குறித்த இறுக்கம் இருக்கிறது. இரண்டும் கைவசம் இல்லாமல் பிரிப்பது வீண் வேலை.

பெரிய காலிப்பரைப் பூட்டினால் பிரேக் தானாகவே பலமாகிவிடும் என்ற நம்பிக்கையையும் இங்கே தொட வேண்டும். பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ள வேண்டும், பெடல் நீளும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இருந்த சமநிலையும் குலையும். பெரிய காலிப்பரும் பெரிய டிஸ்க்கும் உண்மையில் தருவது வெப்பத்தைத் தாங்கும் இடம். ஒரேயொரு முறை நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயர்.

தடத்தில் வேறொரு சங்கடமும் உண்டு. சக்கர பேரிங்கில் ஆட்டம் இருந்தால் வளைவில் டிஸ்க் சாய்ந்து பிஸ்டன்களை உள்ளே தள்ளிவிடும். அடுத்த வளைவில் முதல் அழுத்தம் வெறுமையாகப் போகும். காலிப்பரைக் குற்றம் சொல்லிக் கழற்றுவதற்கு முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் ஒரு சுற்று மெதுவாக வந்து ஆறவிட வேண்டும். நின்ற காரில் காற்றோட்டம் இல்லாததால் டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் ஏறும். ஓடும்போது கொதிக்காத ஆயில் நிறுத்திய பின் கொதிப்பது இப்படித்தான். கை பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைப்பது பயிற்சி நாள்களில் பார்க்கக் கிடைக்கும் காட்சி.

வீடு திரும்பும் பயணத்துக்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பேடின் கனத்தையும், அது ஒருபக்கமாகச் சரிந்து தேய்ந்திருக்கிறதா என்பதையும், டிஸ்க்கில் வெடிப்பு உள்ளதா என்பதையும் பார்க்க அரை மணி நேரம் ஆகும். தடத்தில் பிரேக் போனால் ஓடிப்போய் மோத மணல்வெளியும் டயர் அடுக்கும் இருக்கின்றன. செட்டிபாளையத்திலிருந்து ஊருக்குப் போகும் சாலையில் இருசக்கர வண்டிகளும் மாடுகளும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

கரி தடத்தில் இப்போது வேறொரு கூட்டமும் கூடுகிறது. தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு பொறியியல் மாணவர்கள் போட்டியிடும் ஃபார்முலா பாரத் பல ஆண்டுகளாக இங்கே நடந்துவருகிறது. இத்தகைய மாணவர் போட்டிகளின் விதிப்படி, காரில் ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும் இரண்டு தனித்தனி ஆயில் வழிகள் வேண்டும். பெடல் அளவுக்கு மீறிக் கீழே போனால் இன்ஜினைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்றும் பெடலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஓட்டத்துக்கு முன் ஒரு சோதனை நடக்கும். மாணவர் காரை வேகமாக ஓட்டிவந்து பெடலை மிதிக்க வேண்டும். நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று பூட்டி ஒன்று சுழன்றாலும் காரைப் பட்டறைக் கூடாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மறுபடி காற்று எடுத்துவிட்டு வரிசையில் நிற்கவேண்டியதுதான்.